செல்போன் தவணையில் கோட்டை விட்டால் லாரிக் கடனில் அடி விழும்!

பாங்கி அதிகாரி வேலைக்கு மனு போட்டார். தேர்வில் பாஸ் ஆனார். நியமன உத்தரவும் கைக்கு வந்தது.

ஆனால் வேலை கிடைக்கவில்லை!

கொடுத்த உத்தரவை பாங்கியே ரத்து செய்துவிட்டது. அவர் மீது போலீஸ் வழக்கு எதுவும் கிடையாது. சான்றிதழில் தில்லுமுல்லும் கிடையாது. பழைய கடன்களில் அவர் தவணை தவறியவர் என்று "சிபில்" ரிப்போர்ட்டு சொன்னது. அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

2020-ம் ஆண்டு ஸ்டேட் பாங்கி வெளியிட்ட வேலை விளம்பரத்திலேயே, கடன் பாக்கி வைத்தவர்களும் சிபில் ரிப்போர்ட்டு மோசமாக உள்ளவர்களும் தகுதி இல்லாதவர்கள் என்று ஒரு நிபந்தனை இருந்தது. "கடனை எல்லாம் கட்டி முடித்துவிட்டேனே!" என்று அந்த வாலிபர் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனார். 2025 ஜூன் மாதம் தீர்ப்பு வந்தது. பொதுமக்கள் பணத்தைக் கையாளுகிற வேலைக்கு வருகிறவரிடம் பண ஒழுங்கு வேண்டும் என்று பாங்கி நினைத்தது சரிதான் என்று கோர்ட்டு சொல்லிவிட்டது.

சேலம், நாமக்கல் வாலிபர்கள் இந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏன் என்றால், இந்த இரண்டு ஜில்லாவிலும் கடன் இல்லாமல் ஒரு தொழிலும் ஓடாது. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரி கடனில் ஓடுகிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி கடனில்தான் வடநாடு வரை போய் போர் போடுகிறது. கோழிப்பண்ணைக்குக் கடன், பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிக்குக் கடன், ஆத்தூர் ஜவ்வரிசி ஆலைக்குக் கடன், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குக் கடன்.

இன்றைக்கு 21 வயதில் செல்போனுக்கு மாதத் தவணை கட்டுகிற பையன்தான் நாளைக்கு லாரி வாங்கப் போகிறவன். அந்தச் செல்போன் தவணையில் அவன் செய்கிற தப்பு, லாரிக் கடன் கேட்கிற நாளில் அவனுக்கு முன்பே பாங்கி மேஜையில் போய் உட்கார்ந்திருக்கும்!

மார்க் போடுவது யார்?

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் மார்க் போடுவது போல, கடன் வாங்கியவர்களுக்கு மார்க் போடுகிற கம்பெனிகள் இருக்கின்றன. அதில் பேர் பெற்றது 2000-ம் ஆண்டு மும்பையில் தொடங்கப்பட்ட சிபில். இதற்கென்று 2005-ல் தனிச் சட்டமே வந்தது. இப்போது சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விபாக்ஸ், கிரிப் ஹை மார்க் என்று நான்கு கம்பெனிகள் உள்ளன. ஜனங்கள் வாயில் எல்லாமே "சிபில்"தான்.

மார்க் 300-ல் தொடங்கி 900 வரை போகும். 750-க்கு மேல் இருந்தால் பாங்கி மானேஜர் "உட்காருங்க" என்பார். 600-க்குக் கீழே போனால் "பார்த்துச் சொல்றோம்" என்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

சம்பளம் எவ்வளவு, எத்தனை ஏக்கர் தோட்டம், சேமிப்புக் கணக்கில் எவ்வளவு கிடக்கிறது என்பதெல்லாம் இந்த மார்க்கில் வராது. வாங்கிய கடனைச் சொன்ன தேதியில் கட்டினாரா? இருக்கிற வரம்பில் எவ்வளவு கடன் இழுத்திருக்கிறார்? எத்தனை வருடமாகக் கடன் கணக்கு ஓடுகிறது? அடிக்கடி கடன் கேட்டு அலைகிறாரா? முக்கியமாக இவைதான் கணக்கு. இதிலும் முதல் கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம்.

ஒரு மாதம் தவணை தவறினால் எத்தனை நாள் தாமதம் என்பது ரிப்போர்ட்டில் மாதவாரியாக ஏறிவிடும். கடைசி 36 மாதத்துக் கதையும் அதில் தெரியும். முன்பெல்லாம் பாங்கிகள் மாதம் ஒரு முறை விவரம் அனுப்பின. 2025 ஜனவரி 1 முதல் 15 நாளுக்கு ஒரு முறை அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் பாங்கி உத்தரவு போட்டது. ஆகவே "அடுத்த மாசம் சேர்த்துக் கட்டிக்கலாம், யாருக்குத் தெரியும்" என்பது நடக்காது.

மார்க் நன்றாக இருந்தால் என்ன லாபம்? ஒரு கணக்கைப் பார்க்கலாம். பழைய லாரி வாங்க 10 லட்சம் ரூபாய், 5 வருடக் கடன். 9 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை ரூ.20,758. அதே கடன் 12 சதவீதம் என்றால் ரூ.22,244. மாதம் 1,486 ரூபாய் வித்தியாசம். 5 வருடத்தில் 89 ஆயிரம் ரூபாய்க்கு மேல்! லாரிக்கு டயர் மாற்றுகிற பணம் வட்டிக்குப் போய்விடும்.

ஊரில் பெயர் உண்டு, ரிப்போர்ட்டில் இல்லை

அந்தக் காலத்தில் சேலம் லீ பஜாரில் சரக்கு எடுக்க ஆள் அடையாளம் போதும். "இன்னார் மகனுங்க, நாணயமானவன்" என்று ஒரு பெரியவர் சொன்னால் மூட்டை வண்டி ஏறிவிடும். தமிழில் நாணயம் என்றால் காசும்தான், சொன்ன சொல் தவறாததும்தான்.

இந்த நாணயம் இன்றும் ஊரில் இருக்கிறது. ஆனால் மும்பைக் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது!

தின வசூல்காரருக்கு 5 வருடமாக ஒரு நாள் தவறாமல் 200 ரூபாய் கட்டுகிற காய்கறிக் கடைக்காரர் உண்டு. சீட்டுப் பணத்தை மாதா மாதம் முதல் ஆளாகக் கட்டுகிறவர் உண்டு. கைமாற்று வாங்கினால் சொன்ன நாளில் வீடு தேடிப் போய்க் கொடுக்கிறவர் உண்டு. இவர்கள் எல்லாம் பாங்கிக்குப் போனால் ரிப்போர்ட்டு வெறுமையாக நிற்கும். மார்க் கட்டத்தில் "மைனஸ் 1" என்று வரும். கடன் வாங்கிய சரித்திரமே இல்லை என்று அர்த்தம்.

இப்படிப்பட்டவர்களைத்தான் பல கிளைகளில் "சிபில் இல்லீங்க" என்று சொல்லி வாசலோடு திருப்பி அனுப்புகிறார்கள்.

இது சரியா? சரியே இல்லை! முதல் தடவை கடன் கேட்கிறவருக்கு சரித்திரம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மனுவைத் தள்ளக்கூடாது என்று 2025 ஜனவரியிலேயே ரிசர்வ் பாங்கி கூறியிருக்கிறது. இதையே 2025 ஆகஸ்டில் மத்திய நிதித்துறை ராஜாங்க மந்திரி பங்கஜ் சவுத்ரி பார்லிமெண்டில் எடுத்துச் சொன்னார். கடன் கொடுக்க இத்தனை மார்க் இருந்தே தீர வேண்டும் என்று ரிசர்வ் பாங்கி எந்த வரம்பும் வைக்கவில்லை என்றும் அவர் விளக்கினார்.

மார்க் குறைவு என்பது வேறு, மார்க்கே இல்லை என்பது வேறு. பரீட்சை எழுதாத பையனை பெயில் என்று சொல்ல முடியுமா?

எங்கே சறுக்குகிறார்கள்?

வாலிபர்கள் சறுக்கும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன.

முதல் இடம், செல்போன் கடை. "ஜீரோ வட்டி" போர்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். ஜீரோ வட்டி என்று ஒன்று உண்மையில் கிடையாது என்று 2013-லேயே ரிசர்வ் பாங்கி சொன்னது. வட்டி விலைக்குள் ஒளிந்திருக்கும், அல்லது "பீஸ்" என்ற பெயரில் வரும். அதைவிட முக்கியம், அந்தக் கையெழுத்து ஒரு கடன் பத்திரம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. போன் ரிப்பேர் ஆனதும் தவணையை நிறுத்திவிடுகிறார்கள். போன் கெட்டுப்போனால் கடன் கெட்டுப்போகாது!

இரண்டாவது, பாங்கிக் கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பிப் போவது. 5-ந் தேதி தவணை, 7-ந் தேதி சம்பளம். இரண்டு நாள் இடைவெளியில் மாதா மாதம் "ரிட்டன்" ஆகும். அபராதமும் உண்டு, மார்க்கும் போகும். தவணைத் தேதியைச் சம்பளத்துக்குப் பிறகு வைக்கும்படி கடன் எடுக்கும்போதே கேட்டிருந்தால் தீர்ந்தது.

மூன்றாவது, கிரெடிட் கார்டில் "மினிமம்" மட்டும் கட்டுவது. 20,000 ரூபாய் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். மினிமம் 1,000 ரூபாய். பல கார்டுகளில் வட்டி மாதம் மூன்றரை சதவீதம். வட்டிக்கே 700 ரூபாய் போய்விடும். அசலில் குறைவது 300 ரூபாய்தான்! ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 42 சதவீதம். இது பாங்கியின் பெயரில் வருகிற மீட்டர் வட்டியின் தம்பி.

நான்காவது, ஜாமீன் கையெழுத்து. "மாப்ளே, ஒரு கையெழுத்துதானே, போடுடா!" என்பான் நண்பன். அவன் கட்டாமல் விட்டால் ஜாமீன் போட்டவர் ரிப்போர்ட்டிலும் கறை ஏறும். கல்யாணத்துக்கு மொய் வைக்கலாம், ஜாமீன் கையெழுத்தை மொய்யாக வைக்கக்கூடாது.

ஐந்தாவது, கல்விக்கடன். நாமக்கல், ராசிபுரம், சேலம் கல்லூரிகளில் படித்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இதை அறியும். பெரும்பாலும் படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கிடையாது. அதற்குப் பிறகு ஆரம்பிக்கும். அதற்குள் பையன் ஓசூரிலோ பெங்களூரிலோ இருப்பான். கடுதாசி பழைய வீட்டுக்கு வரும். அப்பாவும் கூட்டுக் கடனாளி என்பதால் இரண்டு பேருக்கும் மார்க் போகும். வேலை கிடைக்கவில்லை என்றால் பாங்கிக்குப் போய் எழுதிக் கொடுத்து அவகாசம் கேட்கலாம். போகாமல் ஒளிவதுதான் கெடுதல்.

ஆறாவது, "செட்டில்மெண்டு". வசூல் ஏஜெண்டு வந்து, "40 ஆயிரம் பாக்கிங்க, 15 ஆயிரம் கட்டுங்க, முடிச்சுடலாம்" என்கிறார். வாலிபர் மகிழ்ச்சியோடு கட்டுகிறார். ரிப்போர்ட்டில் "முடிந்தது" என்று வராது, "செட்டில்டு" என்று வரும். முழுப் பணம் கட்டாமல் பேரம் பேசி முடித்தவர் என்று பொருள். அடுத்து கடன் கொடுக்கிறவர் கண்ணில் முதலில் படுவது அந்த ஒரு சொல்தான். மீதியைக் கட்டி, பாக்கி இல்லை என்ற சான்று வாங்கி, கணக்கு முழுதாக முடிந்தது என்று மாற்றச் சொன்னால்தான் விமோசனம்.

மார்க்கை வளர்ப்பது எப்படி?

மந்திரம் எதுவும் இல்லை. செடி வளர்ப்பது போலத்தான்.

கணக்கே இல்லாத வாலிபர் சின்னதாக ஆரம்பிக்கலாம். பாங்கியில் ஒரு டெபாசிட் போட்டு, அதன்பேரில் கிரெடிட் கார்டு வாங்கலாம். பல பாங்கிகள் கொடுக்கின்றன. மாதம் பெட்ரோலுக்கும் ரீசார்ஜுக்கும் மட்டும் அதைத் தேய்த்து, பில் வந்ததும் முழுப் பணத்தையும் கட்டிவிட வேண்டும். வட்டி ஒரு காசு வராது. மார்க் மெதுவாக ஏறும்.

50 ஆயிரம் வரம்பு உள்ள கார்டில் 15 ஆயிரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. வரம்பு முழுவதையும் துடைத்து எடுக்கிறவரைப் பார்த்தால் "கை நெருக்கடி" என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும்.

கார்டு பில் ஒரு நாள் தள்ளிப்போய்விட்டால் பதற வேண்டாம். 3 நாளுக்கு மேல் போனால்தான் தாமதம் என்று ரிப்போர்ட்டு செய்யலாம் என்பது ரிசர்வ் பாங்கி விதி. அதற்காக 3 நாளைச் சலுகையாக நினைத்து மாதா மாதம் தள்ளக்கூடாது.

ஒரே வாரத்தில் ஐந்து பாங்கியில் கடன் கேட்டால் ஐந்து விசாரணையும் பதிவாகும், மார்க் இறங்கும். ஆனால் தன் ரிப்போர்ட்டைத் தானே பார்த்தால் ஒரு மார்க்கும் குறையாது. நான்கு கம்பெனிகளும் ஆண்டுக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு கம்பெனி என்று கேட்டால் ஆண்டு முழுவதும் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம்.

பார்த்தே ஆக வேண்டும். வாங்காத கடன் தன் பெயரில் கிடக்கிறதா, கட்டி முடித்த பைக் கடன் இன்னும் ஓடுவதாகக் காட்டுகிறதா என்று அப்போதுதான் தெரியும். ஆதார், பான் நகலை ஜெராக்ஸ் கடையில் விட்டுவிட்டு வருகிறவர்கள் இதை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

"5,000 ரூபாய் கொடுங்க, சிபிலை 800 ஆக்கித் தர்றோம்" என்று நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது. தப்பான பதிவைத் திருத்தக் காசே வேண்டாம்.

விதி யாருக்கு?

வாலிபர்களுக்கு மட்டும் புத்தி சொன்னால் போதாது. பாங்கிகளுக்கும் பைனான்ஸ் கம்பெனிகளுக்கும் இங்கே கேள்வி இருக்கிறது.

தவணை தவறினால் 15 நாளில் மும்பைக்குச் சேதி போகிறது. கடனைக் கட்டி முடித்த சேதி அதே வேகத்தில் போகிறதா? போகாவிட்டால் என்ன செய்வது?

புகார் கொடுத்து 30 நாளுக்குள் திருத்தாவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு கொடுக்க வேண்டும். இது 2024 ஏப்ரல் முதல் அமலில் உள்ள விதி. அதற்கும் மசியாவிட்டால் ரிசர்வ் பாங்கி ஆம்பட்ஸ்மேனிடம் புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். வசூல் ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் போன் செய்யக்கூடாது என்பதும் 2022-ல் வந்த உத்தரவு.

இதில் ஒன்றாவது பாங்கிக் கிளையின் சுவரில் ஒட்டியிருக்கிறதா? தங்கநகைக் கடன் வட்டி விகிதம் மட்டும் பளிச்சென்று தொங்குகிறது!

கதவு மூடினால் என்ன நடக்கும்?

சிபில் மார்க் என்பது படித்தவர்கள் சமாசாரம் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. பாங்கிக் கதவு மூடினால் அடுத்து திறப்பது வட்டிக்காரர் கதவு. வார வட்டி, மீட்டர் வட்டி, கந்து வட்டி எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன.

அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டாம். 2025 ஜூலையில் பள்ளிபாளையம் வட்டாரத்து விசைத்தறி தொழிலாளர்களின் கடன் கஷ்டத்தைப் பயன்படுத்திக் கிட்னியை விற்க வைத்த கொடுமை அம்பலமாகி, தமிழ்நாட்டையே உலுக்கியது. ஐகோர்ட்டு மதுரைக் கிளை தனிப்படை விசாரணைக்கு உத்தரவிடும் அளவுக்குப் போனது. கடனுக்கு உடம்பையே அறுத்துக் கொடுத்திருக்கிறார்கள்!

கந்து வட்டியைத் தடுக்க 2003-ல் ஒரு சட்டம் வந்தது. கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்க 2025-ல் இன்னொரு சட்டம் வந்தது. இரண்டும் தேவைதான். ஆனால் சட்டம் வட்டிக்காரரைப் பிடிக்கும். அவசரத்துக்குப் பணம் கொடுக்காது. பிரசவச் செலவுக்கு 20 ஆயிரம் தேவைப்படுகிற தறித் தொழிலாளிக்கு நியாயமான வட்டியில் பணம் கிடைக்க ஒரே வழி, அவர் பெயருக்கு பாங்கியில் நாணயம் இருப்பதுதான்.

ஆகவே செய்ய வேண்டியவை சில உண்டு. பாங்கிகள் பள்ளிபாளையத்திலும் ஆத்தூரிலும் சங்ககிரியிலும் முகாம் போட்டு, கணக்கே இல்லாதவர்களுக்குச் சின்னக் கடன் கொடுத்துப் பழக்க வேண்டும். கல்லூரிகளும் ஐ.டி.ஐ.க்களும் கடைசி வருடத்தில் ஒரே ஒரு நாள் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். செல்போன் கடைக்காரர்கள் கையெழுத்து வாங்கும் முன்பு, "தம்பி, இது கடன், தேதி தவறினால் பின்னால் உனக்குத்தான் கஷ்டம்" என்று ஒரு வார்த்தை தமிழில் சொல்ல வேண்டும். வியாபாரம் அதனால் கெட்டுப்போகாது.

இவை எல்லாம் நடக்கிறபோது நடக்கட்டும். வாலிபர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த மாதத் தவணை எந்தத் தேதி, அன்றைக்குக் கணக்கில் பணம் இருக்கிறதா என்பதை இன்று ராத்திரி சாப்பிடுவதற்கு முன் பார்த்துவிட்டால், மார்க்கில் பாதி வேலை முடிந்த மாதிரி!